மூன்று சுழி தெரிகிறதா? மானிட்டர் கேள்வி – பதில்

வேலைக்கென்று தனியாக மானிட்டர் வாங்குவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பலவும் ‘எத்தனை அங்குலம் வாங்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கின்றன. அங்குலம் கடைசிக் கேள்வி. கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம், திரையில் நாள் முழுக்க எதைப் பார்க்கப் போகிறீர்கள், உங்கள் கணினியில் என்ன போர்ட் இருக்கிறது என்ற மூன்றும் தெரிந்தால் அங்குலம் தானாக வந்து நிற்கும்.

கே: புத்தகங்களுக்குப் பிழைதிருத்தம் பார்க்கிறேன். 15.6 அங்குல லேப்டாப்பில் கண் வலிக்கிறது. 27 அங்குல ஃபுல் எச்டி மானிட்டர் மலிவாகக் கிடைக்கிறது. “பெரிய ஸ்க்ரீன், எழுத்து பெரிசா தெரியும்மா” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

ப: வேண்டாம். பெரிதாகத் தெரியும் என்று அவர் சொன்னது உண்மை. தெளிவாகத் தெரியும் என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள்.

ஃபுல் எச்டி என்றால் குறுக்கே 1920, நெடுக்கே 1080 பிக்ஸல், அதாவது படத்தை உண்டாக்கும் புள்ளிகள். திரை எத்தனை அங்குலமானாலும் இந்தக் கணக்கு மாறாது. திரை பெருத்தால் ஒவ்வொரு பிக்ஸலும் பெருக்கும், அவ்வளவுதான். 24 அங்குலத் திரையில் ஓர் அங்குல நீளத்துக்குச் சுமார் 92 பிக்ஸல் இருக்கும். 27 அங்குலத்தில் அது 82 ஆகிவிடும். உங்கள் லேப்டாப் ஃபுல் எச்டியாக இருந்தால் அதிலேயே 141. இருப்பதைவிடச் சொரசொரப்பான எழுத்தைக் காசு கொடுத்து வாங்குவதாக ஆகும்.

தமிழில் இது எப்படி உதைக்கிறது என்று பார்ப்போம். 11 பாயின்ட் எழுத்தை அச்சில் வரும் அதே அளவில் திரையில் வையுங்கள். 11 பாயின்ட் என்பது சுமார் 3.9 மி.மீ. 27 அங்குல ஃபுல் எச்டியில் ஒரு பிக்ஸல் 0.31 மி.மீ. ஆக ஒரு வரிக்கு 12, 13 பிக்ஸல்தான் உயரம். மேலே புள்ளிக்கும் விசிறிக்கும், கீழே உகர ஊகாரக் கீற்றுகளுக்கும் இடம் விட்டால், எழுத்தின் உடம்புக்கு மிஞ்சுவது ஆறேழு பிக்ஸல். அதற்குள் ‘ண’வின் மூன்று சுழியும் ‘ன’வின் இரண்டு சுழியும் பிரிந்து தெரிய வேண்டும். தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு தெரியும். அது மணமா மனமா என்று வாக்கியத்தை வைத்து ஊகிப்பீர்கள். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ விழுந்திருப்பதும், மெய்யெழுத்தில் புள்ளி விட்டுப்போயிருப்பதும் இப்படித்தான் தப்பித்து அச்சுக்குப் போகின்றன. அதே 11 பாயின்ட்டுக்கு 27 அங்குல 4கே (3840க்கு 2160 பிக்ஸல்) திரையில் 25 பிக்ஸல் கிடைக்கும். பிக்ஸலின் அளவு 0.155 மி.மீ. சுழியை எண்ணலாம்.

ஜூம் செய்துகொள்ளலாமே என்றால், செய்யலாம். ஆனால் முழுப்பக்கம் கண்ணில் படாது. பத்தி இடைவெளியும் பக்க எண்ணும் கவனத்திலிருந்து நழுவும். 27 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 33.6 செ.மீ. ஏ4 பக்கம் 29.7 செ.மீ. அதன் உண்மை அளவிலேயே நிற்கும். 24 அங்குலத்தில் மெனுவுக்கும் டாஸ்க்பாருக்கும் இடம் போக நிற்காது. டெம்மி 1/8 புத்தகம் என்றால் எதிரெதிர்ப் பக்கம் இரண்டும் சேர்ந்து 28 செ.மீ. அகலம், 21.5 செ.மீ. உயரம்; இரண்டு திரையிலும் தாராளமாக அடங்கும்.

ஆகவே 27 அங்குல 4கே, ஐபிஎஸ் பேனல் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை). பணம் இடித்தால் 27 அங்குல க்யூஎச்டி, அதாவது 2560க்கு 1440. அதில் அங்குலத்துக்கு 109 பிக்ஸல். அதற்கும் முடியாவிட்டால் 24 அங்குல ஃபுல் எச்டி. 4கே வாங்கினால் விண்டோஸில் ஸ்கேலை 150 சதவீதத்தில் வையுங்கள். உங்கள் அச்சகம் இன்னும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு அனுப்பினால் அந்த மென்பொருள் 150 சதவீதத்தில் மங்கலாகத் தெரியும். அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, ‘சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்’ வரை போய், கீழே உள்ள ஓவர்ரைடு கட்டத்தை டிக் செய்து ‘சிஸ்டம் என்ஹான்ஸ்டு’ தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

கே: காலண்டர், டைரி அட்டை வடிவமைக்கிறோம். மானிட்டரில் பளிச்சென்று இருக்கும் கிளிப்பச்சையும் நீலமும் ஆஃப்செட்டில் மங்கி விழுகின்றன. பார்ட்டி எங்களைத் திட்டுகிறார். ‘100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி’ மானிட்டர் வாங்கினால் சரியாகுமா?
– வடிவமைப்பாளர், சிவகாசி

ப: பாதி சரியாகும். மீதிப் பாதியை எந்த மானிட்டராலும் சரிசெய்ய முடியாது. திரை தானே ஒளிவிடுகிறது. காகிதம் தன்மேல் விழுந்த ஒளியைத்தான் திருப்பித் தருகிறது. நான்கு மைகளைக் கலந்து எட்ட முடியாத பச்சையும் நீலமும் திரையில் ஏராளம். அவற்றை வைத்து வடிவமைத்துவிட்டு மெஷின்காரரைக் கேட்டு என்ன பயன்?

காசு செலவில்லாத வேலையை முதலில் செய்யுங்கள். போட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டம் போய் உங்கள் அச்சகத்தின் ஐசிசி ப்ரொஃபைலை (அந்த மையும் காகிதமும் என்ன நிறம் தரும் என்று சொல்லும் கோப்பு) கொடுங்கள். அச்சகத்திடம் அப்படி ஒன்று இல்லையென்றால் ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா39 என்ற பொது ப்ரொஃபைலை வைத்துக்கொள்ளலாம். பிறகு கன்ட்ரோல்-ஒய். மை எதைத் தருமோ அது திரையில் தெரியும். கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் மைக்கு எட்டாத நிறமுள்ள இடமெல்லாம் சாம்பலாக மாறிக் காட்டும். பார்ட்டியிடம் ஒப்புதல் வாங்குவது இந்தத் தோற்றத்தைக் காட்டித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது வெளிச்சம். மானிட்டர்கள் பெட்டியிலிருந்து வரும்போது 250, 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தில் இருக்கும். அச்சோடு ஒப்பிடுகிற வேலைக்கு 80 முதல் 120 நிட்ஸ் போதும். அளக்கக் கருவி இல்லையா? திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பக்கத்தில் ஆர்ட் பேப்பர் ஒன்றைப் பிடியுங்கள். திரை விளக்குப் போலத் தெரிந்தால் வெளிச்சம் அதிகம். இரண்டும் காகிதம் போலத் தெரியும்வரை குறையுங்கள். உங்கள் ‘மங்கல்’ புகாரில் கணிசமான பங்கு இங்கேயே தீரும். ப்ரூஃபைப் பார்க்கிற விளக்கும் முக்கியம். ஐஎஸ்ஓ 3664 தரப்படி அச்சைப் பார்க்க வேண்டியது 5000 கெல்வின் ஒளியில். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கூல் டேலைட் டியூப் 6500 கெல்வின். அதில் எல்லாமே கொஞ்சம் நீலம் தட்டும். 5000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறன்) 90க்கு மேல் என்று கேட்டு வாங்கி, ப்ரூஃப் மேசைக்கு மட்டுமாவது மாட்டுங்கள்.

இப்போது மானிட்டர். எஸ்ஆர்ஜிபி, என்டிஎஸ்சி, அடோபி ஆர்ஜிபி எல்லாம் ஒரு திரை எவ்வளவு நிறம் காட்டும் என்று சொல்லும் அளவுகோல்கள். பெட்டியில் ‘72 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றிருந்தால் அது ஏறக்குறைய முழு எஸ்ஆர்ஜிபி. ‘45 சதவீதம் என்டிஎஸ்சி’ என்றால் எஸ்ஆர்ஜிபியில் மூன்றில் இரண்டு பங்குகூடத் தேறாது. நிற வேலைக்கு அதைத் தொட வேண்டாம். 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி பொதுவான வேலைக்குப் போதும். ஆனால் உங்கள் ஊர் வேலைக்கு ஒரு சிக்கல் உண்டு: சியான் மை அடர்ந்து விழும் சில மயில்நீலங்கள் எஸ்ஆர்ஜிபி எல்லைக்கு வெளியே இருக்கின்றன. மையால் முடியும், அந்தத் திரையால் முடியாது. காலண்டரில் மயிலும் கடலும் நிறைய வருமானால் அடோபி ஆர்ஜிபி 99 சதவீதம் காட்டும் மானிட்டருக்குச் செலவழிப்பது நியாயம். அப்படி வாங்கினால், கலர் மேனேஜ்மென்ட் இல்லாத பழைய மென்பொருள்களில் நிறமெல்லாம் தீப்பிடித்தது போலத் தெரியும். அந்த வேலைக்கு மானிட்டர் மெனுவில் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

எந்த மானிட்டரானாலும் கேலிபரேட் செய்யாமல், அதாவது கருவியால் நிறத்தை அளந்து சரிசெய்யாமல், நம்ப வேண்டாம். கேலிப்ரைட், டேட்டாகலர் ஸ்பைடர் வகைக் கருவி ஒன்று வாங்கினால் ஆபீஸில் உள்ள எல்லா மானிட்டருக்கும் அதுவே போதும். டிஸ்ப்ளேகால் மென்பொருள் இலவசம். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, டைனமிக் கான்ட்ராஸ்ட், நைட் லைட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, காமா 2.2, வெளிச்சம் 100 நிட்ஸ் என்று வைத்து அளவிடுங்கள். மாதம் ஒருமுறை திரும்பச் செய்தால் நல்லது. வளைந்த திரை வேண்டாம். நேர்கோடு வளைகிறதா, திரை வளைகிறதா என்ற சந்தேகமே ஒரு தொல்லை.

கே: வரி ஆலோசகர், வயது 54, பைஃபோகல் கண்ணாடி. நாள் முழுக்க எக்செல். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்று என் மகன் 24 அங்குல மானிட்டரை இரண்டு புத்தகத்தின் மேல் ஏற்றிவைத்தான். கழுத்துவலி கூடிவிட்டது. பெரியதாக மாற்றினால் தீருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

ப: புத்தகங்களை எடுத்துவிடுங்கள். மகன் சொன்னது சாதாரணக் கண்ணாடிக்குச் சரியான விதி. பைஃபோகலில் கிட்டப் பார்வைக்கான வில்லை கீழே இருக்கிறது. திரை மேலே போனால் அந்த வில்லை வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்குகிறீர்கள்; எட்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்தால் கழுத்து என்ன செய்யும்? திரையை முடிந்தவரை இறக்கி, மேல்பக்கம் பின்னால் சாயும்படி 10, 15 டிகிரி சாயுங்கள். இன்னும் நல்ல வழி, கண்ணிலிருந்து திரை வரை டேப் வைத்து அளந்து, 60 செ.மீ. என்றோ 65 என்றோ கண்ணாடிக் கடையில் சொல்லி, அந்தத் தூரத்துக்கென்றே ஒரு கண்ணாடி போட்டுக்கொள்வது. மானிட்டரைவிட இதில் பலன் அதிகம்.

பெரிய திரைக்கு வருவோம். எக்செலில் 100 சதவீத ஜூமில் ஒரு சாதாரண நெடுவரிசை 64 பிக்ஸல் அகலம், ஒரு வரி 20 பிக்ஸல் உயரம். ஃபுல் எச்டியிலிருந்து க்யூஎச்டிக்குப் போனால் குறுக்கே 640, நெடுக்கே 360 பிக்ஸல் கூடும். அதாவது 10 நெடுவரிசை, 18 வரி. பேலன்ஸ் ஷீட்டை உருட்டாமல் பார்க்கலாம். ஆனால் 27 அங்குல க்யூஎச்டியில் எழுத்து இப்போது இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு சிறுக்கும். 32 அங்குல க்யூஎச்டியில் எழுத்து இதே அளவில் இருக்கும். ஆனால் திரை 40 செ.மீ. உயரம், மேல்வரிகளுக்காகத் தாடை மறுபடி எழும்பும்.

27 அங்குல க்யூஎச்டி வாங்கி எக்செலை 115 சதவீத ஜூமில் வைப்பதையே சிபாரிசு செய்கிறோம். எழுத்தும் குறையாது, நான்கைந்து நெடுவரிசையும் எட்டு வரியும் லாபம். ஸ்டாண்ட் உயரம் கூட்டிக் குறைக்கக்கூடியதா என்று பாருங்கள். மலிவு மாடல்களில் சாய்க்க மட்டும்தான் முடியும். அப்படி அமைந்துவிட்டால் கையுள்ள ஆர்ம் மாட்டலாம். மானிட்டர் முதுகில் 100 மி.மீ.க்கு 100 மி.மீ. இடைவெளியில் நான்கு வீசா துளைகள் இருக்க வேண்டும்; அதற்கு எம்4 ஸ்க்ரூ. கண்ணாடி மேசையில் ஆர்ம் கிளாம்ப் போடவே கூடாது. பார்ட்டிகிள் போர்டு மேசை என்றால் கிளாம்ப்புக்கு மேலும் கீழும் ஒரு இரும்புத் தகடு கொடுங்கள், இல்லையேல் நாளடைவில் பலகை நசுங்கும். மாட்டிய பிறகு மானிட்டர் தானாக மேலே ஏறினாலோ இறங்கினாலோ ஆர்ம் கெட்டுப்போகவில்லை. ஆலன் கீயால் ஸ்பிரிங் இறுக்கத்தை அந்த எடைக்கு ஏற்பத் திருக வேண்டும்.

கே: எம்1 மேக்புக் ஏர். 27 அங்குல 4கே மானிட்டரை யுஎஸ்பி-சி ஹப் வழியாக எச்டிஎம்ஐயில் இணைத்தேன். மவுஸ் அம்பு இழுத்து இழுத்து நகர்கிறது. ஹப்பில் இரண்டாவது எச்டிஎம்ஐயும் இருக்கிறதே என்று இன்னொரு மானிட்டரைச் செருகினால் இரண்டிலும் ஒரே படம். எது பழுது?
– மென்பொருள் சோதனையாளர், சென்னை

ப: எதுவும் பழுதில்லை. டிஸ்ப்ளேஸ் செட்டிங்ஸில் ரெஃப்ரெஷ் ரேட் பாருங்கள், 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். மலிவான ஹப்களின் எச்டிஎம்ஐ பழைய 1.4 வகை, 4கேயை நொடிக்கு 30 முறைக்கு மேல் அதனால் அனுப்ப முடியாது. ‘4கே சப்போர்ட்’ என்று பெட்டியில் போடுவதில் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0, அல்லது யுஎஸ்பி-சியிலிருந்து நேராக டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள். மானிட்டரிலேயே படம் வாங்கும் யுஎஸ்பி-சி போர்ட் இருந்தால் ஹப்பே வேண்டாம். ஒரே கேபிளில் படமும் சார்ஜும் போகும். உங்கள் லேப்டாப்புக்கு 65 வாட் தாராளம். பெரிய 16 அங்குல லேப்டாப் வைத்திருப்பவர்கள் 90 வாட்டுக்கு மேல் பார்க்க வேண்டும்.

கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். போன் சார்ஜரோடு வரும் யுஎஸ்பி-சி கேபிள் பெரும்பாலும் யுஎஸ்பி 2.0, சார்ஜ் ஏறும், படம் வராது. மானிட்டரைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புவதற்கு முன் அதனோடு பெட்டியில் வந்த கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது திரை விஷயம் சிப்பின் எல்லை. சாதாரண எம்1, எம்2 சிப்கள் மேக்புக் ஏரில் ஒரே ஒரு வெளித் திரையைத்தான் ஓட்டும். எம்3 ஏரில் மூடியை மூடினால் இரண்டு. எம்4 ஏரில் மூடி திறந்திருந்தாலும் இரண்டு. உங்கள் ஹப் ஒரே சிக்னலைப் பிரித்து இரண்டு திரைக்குக் கொடுக்கும் வகை. விண்டோஸ் அதை இரண்டு தனித் திரையாக எடுத்துக்கொள்ளும், மேக்ஓஎஸ் எடுத்துக்கொள்ளாது. டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள டாக் வாங்கி அதன் டிரைவரைப் போட்டால் இரண்டாவது திரை வரும். ஆனால் அது படத்தைச் சுருக்கி அனுப்புவதால் பக் ரிப்போர்ட் எழுதவும் மெயில் பார்க்கவும் சரி, வீடியோ வேலைக்குச் சரிவராது.

கே: கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். மானிட்டருக்குப் பதில் 43 அங்குல 4கே டிவி போட்டால் என்ன?
– வாசகர், மதுரை

ப: டைம்லைன் பார்க்கச் சரி. நிறம் முடிவு செய்ய வேண்டாம். 43 அங்குல 4கேயில் அங்குலத்துக்கு 102 பிக்ஸல், மேசையிலிருந்து 80, 90 செ.மீ. தள்ளி வைத்தால் எழுத்து நன்றாகவே இருக்கும். ஆனால் டிவியாக அது செய்யும் ‘அழகுபடுத்தல்’ எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எச்டிஎம்ஐ இன்புட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றுங்கள். பல டிவிகளில் அப்போதுதான் வண்ண எழுத்துகளின் விளிம்பு கசியாமல் நிற்கும். விளிம்பை வெட்டும் ஓவர்ஸ்கேனை அணையுங்கள், ஷார்ப்னஸைக் குறையுங்கள், மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்துங்கள்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் கிராஃபிக்ஸ் கார்டு திரையை டிவி என்று நினைத்து 16 முதல் 235 வரையான அளவைத்தான் அனுப்புகிறது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் அவுட்புட் டைனமிக் ரேஞ்சை ‘ஃபுல்’ ஆக்குங்கள். டிவியிலும் அதற்கேற்பக் கறுப்பு அளவை மாற்றுங்கள். எச்டிஎம்ஐயில் இணைத்த மானிட்டர்களிலும் இதே கோளாறு வரும்.

நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு 24 அங்குல ஐபிஎஸ் மானிட்டரை எச்டி வீடியோவின் நிறத் தரமான ரெக்.709க்குக் கேலிபரேட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவை அரக்கு நிறமா சிவப்பா என்று டிவியைப் பார்த்துத் தீர்மானித்தால் ஆல்பத்தோடு ஒத்துவராது. ‘எச்டிஆர்400’ முத்திரைக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் வசதியே இல்லாமல் அந்த முத்திரையை வாங்கலாம்.

கே: நிரல் எழுதுபவன். 34 அங்குல அகலத்திரை ஒன்றா, 27 அங்குலம் இரண்டா?
– வாசகர், யாழ்ப்பாணம்

ப: இரண்டு. 34 அங்குல அகலத்திரையின் உயரமும் 27 அங்குலத்தின் உயரமும் கிட்டத்தட்ட ஒன்றே. 3440க்கு 1440 என்றால் மொத்தம் 49.5 இலட்சம் பிக்ஸல். இரண்டு க்யூஎச்டி சேர்ந்தால் 73.7 இலட்சம். அதோடு ஒன்றை நெடுக்காகத் திருப்பி வைக்கலாம். வரிக்கு 20 பிக்ஸல் என்றால் 2560 உயரத்தில் ஏறக்குறைய 120 வரி நிரல் ஒரே பார்வையில் தெரியும். பிழைப் பதிவைப் படிக்க இதைவிட வசதி வேறில்லை. திருப்பி வைக்கப் போகும் திரை ஐபிஎஸ் ஆக இருக்கட்டும். மலிவு வகையான டிஎன் பேனலைத் திருப்பினால் இடக்கண்ணுக்கு ஒரு நிறம், வலக்கண்ணுக்கு ஒரு நிறம். அதிகம் பார்க்கும் திரையை நேர் எதிரே வையுங்கள். நடுவில் இரண்டின் சட்டமும் சேருமிடத்தைப் பார்த்து உட்காராதீர்கள்.

அகலத்திரையில் இன்னொரு சங்கடம், வீடியோ கூட்டத்தில் முழுத் திரையையும் பகிர்ந்தால் எதிர்ப்பக்கம் லேப்டாப்பில் இருப்பவருக்கு ஒரு ரிப்பன் மாதிரித்தான் தெரியும்.

கே: ஓஎல்இடி மானிட்டர் விலை இறங்கிவருகிறது. அலுவலக வேலைக்கு எடுக்கலாமா?
– வாசகி, சிங்கப்பூர்

ப: படம் பார்க்க அதற்கு ஈடில்லை. ஆனால் டாஸ்க்பார், எக்செல் ரிப்பன் என்று அசையாத படம் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒரே இடத்தில் நின்றால் தழும்பு விழும் அபாயம் உண்டு. பலவற்றில் துணைப்பிக்ஸல்கள் (ஒரு பிக்ஸலுக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்) வழக்கமான வரிசையில் இல்லாததால் எழுத்தின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் பச்சையும் இழையோடும். எழுத்து வேலைக்கு ஐபிஎஸ்ஸே போதும்.

கே: புது மானிட்டர் வந்ததிலிருந்து மாலையில் தலைவலி. வெளிச்சத்தைக் குறைத்தால் இன்னும் மோசம். எப்படி?
– தட்டச்சுப் பணியாளர், புதுச்சேரி

ப: குறைத்தால் மோசமாகிறது என்பதுதான் துப்பு. சில மானிட்டர்கள் வெளிச்சத்தைக் குறைக்கப் பின்விளக்கை நொடிக்கு இருநூறு சொச்சம் முறை அணைத்து அணைத்துப் போடுகின்றன. கண்ணுக்குத் தெரியாது, சிலருக்குத் தலைக்குத் தெரியும். சோதனை எளிது. அறையை இருட்டாக்கி, வெளிச்சத்தை 20 சதவீதத்துக்குக் குறைத்து, வெள்ளைத் திரைக்கு முன்னால் ஒரு பென்சிலை விசிறிபோல வேகமாக ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான விசிறியாகத் தெரிந்தால் துடிப்பில்லை. பத்துப் பென்சில் தனித்தனியாகத் தெரிந்தால் துடிப்பு உண்டு.

திருப்பிக் கொடுக்க நாள் இருந்தால் கொடுத்துவிட்டு ‘ஃப்ளிக்கர் ஃப்ரீ’ மாடல் வாங்கி அதையும் பென்சிலால் சோதியுங்கள். முடியாதென்றால் மானிட்டர் வெளிச்சத்தை முழுதாக வைத்துக் கான்ட்ராஸ்ட்டைக் குறையுங்கள். முழு வெளிச்சத்தில் துடிப்பு பெரும்பாலும் இருக்காது. ஜன்னல் முதுகுக்குப் பின்னாலோ திரைக்குப் பின்னாலோ இருந்தால் மேசையைத் திருப்பி ஜன்னலைப் பக்கவாட்டில் கொண்டுவாருங்கள். இவ்வளவும் செய்து வலி நிற்காவிட்டால் கண் மருத்துவரைப் பாருங்கள்.

கே: சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கம்பெனிகள் கழித்துவிட்ட மானிட்டர்கள் கிடைக்கின்றன. நம்பி வாங்கலாமா?
– கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

ப: சோதித்து வாங்கினால் புது மலிவு மானிட்டரைவிட நல்ல பொருள் அமையும். குறிப்பாக 1920க்கு 1200 பிக்ஸல் உள்ள 24 அங்குல ஐபிஎஸ் திரைகள். ஃபுல் எச்டியைவிட 120 பிக்ஸல் உயரம் கூட, ஸ்டாண்டும் உயர்த்தவும் திருப்பவும் வளையும்.

போன் கேலரியில் முழுக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து படம் எடுத்து, ஒரு பென்டிரைவில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மானிட்டரைக் கேளுங்கள், அல்லது இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள்; குளிர்ந்த திரையில் சில குறைகள் தெரியாது. வெள்ளையில் ஓரங்கள் மஞ்சள் பூத்திருந்தால் பின்விளக்குக் கிழடு. கறுப்பில் ஒளிரும் புள்ளி ஒட்டிப்போன பிக்ஸல், வெள்ளையில் கறுத்த புள்ளி செத்த பிக்ஸல். மூலையில் ஒன்றிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், நடுவில் இருந்தால் வேண்டாம். சில மானிட்டர்களில் ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே ஆன் செய்தால் சர்வீஸ் மெனு வந்து எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். கடைக்காரரையே திறந்து காட்டச் சொல்லுங்கள்.

விஜிஏ மட்டும் உள்ளதை விட்டுவிடுங்கள். டிவிஐ இருந்தால் எச்டிஎம்ஐ கேபிளுக்கு விலை குறைந்த மாற்றி போதும். ஸ்டாண்டைப் பிரித்துத் தனியாகத் தருவார்கள். அது அதே மாடலுக்கு உரியதா என்று மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

கே: வீட்டிலிருந்து எக்ஸ்ரே, சிடி ரிப்போர்ட் எழுத 4கே மானிட்டர் போதுமா?
– மருத்துவர், நாகர்கோவில்

ப: எழுதுவதற்குப் போதும், பார்த்து நோயறியப் போதாது. சாம்பல் படிகள் மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தின் பகுதி 14 வளைவுப்படி வர வேண்டும். வெளிச்சம் குறைந்தது 350 நிட்ஸ், மார்பக எக்ஸ்ரேக்கு 420 என்பது அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரியின் வழிகாட்டு அளவு. அறை வெளிச்சம் 25 முதல் 50 லக்ஸுக்குள். சாதாரண மானிட்டரில் கறுப்புக்குப் பக்கத்துச் சாம்பல்கள் ஒன்றாகக் கலந்துவிடும். நுரையீரலின் ஓரத்தில் நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கும். மருத்துவத் தர மானிட்டரே வாங்குங்கள்.

கே: திரையை எதால் துடைப்பது?
– வாசகி, கும்பகோணம்

ப: அணைத்துவிட்டு, சூடு ஆறியதும், காய்ந்த மைக்ரோஃபைபர் துணியால். கறை போகாவிட்டால் துணியின் ஒரு முனையை ஆர்ஓ தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் நீலத் திரவம் திரையின் மேட் பூச்சைத் தின்றுவிடும். எதையும் திரைமேல் நேராகத் தெளிக்க வேண்டாம். வழிந்து கீழ்ச்சட்டத்துக்குள் இறங்கும், பல மானிட்டர்களில் பேனலின் சர்க்யூட் பட்டை இருப்பது அங்கேதான்.